"நான் பசிக்குது" – இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

லீவுக்கு அமெரிக்காவிலிருந்து புளியங்குடிக்கு வந்த பத்து வயதுப் பேத்தி, "ஆச்சி, நான் பசிக்குது" என்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். பக்கத்து வீட்டிலும் சொல்லிச் சிரிக்கும். சரி, சிரித்து முடித்தாயிற்றா? இப்போது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள். "நான் சாப்பிடுறேன் சரி, நான் ஓடுறேன் சரி. நான் பசிக்குது மட்டும் ஏன் தப்பு?"

வீட்டில் சத்தமே இருக்காது!

பதில் சுலபம்தான். சாப்பிடுவதும் ஓடுவதும் ஒருவர் செய்வது. பசி, தாகம், வலி, தெரிவது, புரிவது, பிடிப்பது எல்லாம் ஒருவருக்கு வந்து சேர்வது. காமர்ஸ் பாஷையில் சொன்னால், அவர் கணக்கில் வரவு வைக்கப்படுவது. அதனால்தான் எனக்குப் பசிக்குது, எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும். இந்த ஒரு விதியைச் சொன்னால் ஐம்பது வாக்கியம் சரியாகிவிடும்.

அதே ஊர் எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் இந்திக்காரப் பையனுக்கு இதில் சிக்கல் இல்லை. அவன் மொழியிலும் பசி 'எனக்கு'த்தான். அவன் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். "வாங்க அண்ணாச்சி, நாங்க டீ குடிக்கலாம்" என்பான். மறுபடியும் சிரிப்பு. இந்தியில் 'ஹம்' என்று ஒரே சொல். தமிழில் 'நாம' என்றால் எதிரில் நிற்பவரும் சேர்த்தி. 'நாங்க' என்றால் அவருக்கு டீ கிடையாது! :-)

இதையெல்லாம் விளக்க ஆளில்லை. கேட்டால் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "பேசப் பேச வந்துடும்." இன்னொன்று, "பேச்சுத்தமிழுக்கு ஏதுப்பா இலக்கணம்? அது கொச்சை." இரண்டாவது சுத்தப் பொய். எழுத்தில் ஒரே 'க'தான். ஆனால் கடை, பக்கம், தங்கம், பகல் என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வந்தாலும் இரட்டித்தாலும் வல்லோசை, 'ங்' பின்னால் வந்தால் மென்மை, இரண்டு உயிருக்கு நடுவில் இன்னும் தளர்ச்சி. கடன் வாங்கிய சொற்களை விட்டுவிட்டால் இது பெரும்பாலும் தவறாத விதி. இலக்கணம் இல்லாத பேச்சில் இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது?

இந்தப் பேச்சுக்கும் இலக்கணம் உண்டு என்று ஓர் இத்தாலியருக்குத் தெரிந்திருந்தது. கோவில்பட்டி பக்கம் காமநாயக்கன்பட்டியில் ஊழியம் பார்த்த வீரமாமுனிவர், 1728ல் கொடுந்தமிழுக்கென்றே லத்தீனில் தனி இலக்கணம் எழுதினார். அது 1738ல் தரங்கம்பாடியில் அச்சானது. செந்தமிழுக்கு வேறு நூல் எழுதினார். புதிதாகப் படிக்கிறவனுக்கு இரண்டும் வேண்டும் என்பது அவருக்குப் புரிந்தது. 2005ல் சிங்கப்பூரின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவும் வகுப்பில் பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுக்கச் சொன்னது. இங்கேயோ இன்னும் 'கொச்சை'!

"பேச்சு ஊருக்கு ஊர் மாறுமே, எதைச் சொல்லிக் கொடுப்பது?" என்பார்கள். ஊருக்கு ஊர் மாறுவது சில சொல்லும் ராகமும்தான். நெல்லையில் பசித்தாலும் கோவையில் பசித்தாலும் 'எனக்கு'த்தான் பசிக்கும். "அப்போ எழுத்துத்தமிழ் வேண்டாமா?" வேண்டும். யார் வேண்டாம் என்றது? இரண்டுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லிக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? புத்தகத்தில் 'வருகிறேன்', ஆச்சி வாயில் 'வர்றேன்'. எது சரி என்று குழந்தை கேட்கிறது. "புத்தகம்தான் சரி" என்று பதில் வருகிறது. அப்படியானால் ஆச்சி பேசுவது தப்புத் தமிழ். தான் பேசுவதோ சிரிப்புத் தமிழ். எதற்கு வம்பு என்று குழந்தை இங்கிலீஷுக்கு மாறிவிடும். அதற்குப் பிறகு, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தமிழே வரலை" என்று புலம்புவதும் அன்றைக்குச் சிரித்த அதே வீடுதான்.

புதிதாகப் படிப்பவர் செய்யும் தப்பு, தாய்மொழிக்காரர் யோசிக்காமல் தாண்டிப்போன ஒரு விதியைக் காட்டுகிறது. அடுத்த முறை சிரிப்பதற்கு முன், அந்த விதியைச் சொல்லத் தெரியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு இட்லி வையுங்கள்.

அவளுக்குப் பசிக்குது!