ஒரு இன்க்ரிமென்டின் கதை

"புரமோஷன் கிடைக்கேல்லை" என்று யாராவது புலம்பினால் எங்கட தலைமுறைக்குச் சிரிப்புத்தான் வரும். இவ்வளவு சனம் செத்த நாட்டில் இதுவும் ஒரு பிரச்சினையா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்ப நினைக்கிறதில்லை.

1941 டிசம்பரில் ஹொங்கொங் ஜப்பானியரிடம் விழுந்தபோது, அங்கிருந்த பிரிட்டிஷ் பொலிஸ் அதிகாரிகளை ஸ்டான்லி முகாமில் அடைத்தார்கள். 1945இல் வெளியில் வந்தவர்களிடம் ஒரு மனக்குறை இருந்தது: அடைபட்டிருந்த வருடங்கள் சேவைக்காலமா, இல்லையா? வெளியில் இருந்தவன் மேலே போய்விட்டான், நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். மலாயாவிலோ முகாமில் இருந்த வெள்ளையருக்கு முழுச் சம்பளம் கிடைத்தது. உள்ளூர் ஊழியர்கள் அதே 'பேக் பே'க்காக வருடக்கணக்கில் போராடினார்கள். ஒரே யுத்தம், இரண்டு கணக்கு.

இந்த இரண்டு கணக்கு எங்களுக்குப் புதிதில்லை. வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியிருந்து கந்தோருக்குப் போய்வந்த தமிழ் கிளாக்கர்மாருக்கு 1956இல் வந்தது தனிச் சிங்களச் சட்டம். 1961 டிசம்பரில் திறைசேரிச் சுற்றறிக்கை ஒன்று வந்தது: சிங்களச் சோதனை பாஸ் பண்ணாவிட்டால் இன்க்ரிமென்ட் இல்லை. 1962இல் செல்லையா கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞருக்கு அப்படி ஒரு இன்க்ரிமென்ட் நின்றது. அவர் அரசாங்கத்துக்கு எதிராக வழக்குப் போட்டார்.

1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் செய்யும் சட்டத்தைத் தடுக்கிறது, ஆகவே மொழிச் சட்டம் செல்லாது என்றது. 1967இல் உயர் நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. மொழியைப் பற்றிப் பேசியே அல்ல! அரச ஊழியன் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காட முடியாது என்று சொல்லி. 1969இல் லண்டன் பிரிவி கவுன்சில், வழக்காடலாம் என்றது. ஆனால் மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைத் திரும்ப இங்கேயே அனுப்பியது. அதற்குப் பதில் வரவேயில்லை. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் போகும் வழி மூடப்பட்டது. 1972 யாப்பில் 29ஆம் பிரிவே இல்லை.

ஒரு கிளாக்கரின் சம்பள உயர்வு, நாட்டின் அரசியலமைப்பையே கேள்வி கேட்கிற அளவுக்குப் போனது. சின்ன விஷயம் என்று எப்படிச் சொல்லுறது?

ரெண்டு மறுப்புகள் வரும். "சிங்களம் படிச்சிருக்கலாமே?" படிக்கலாம், படிக்கவும் வேணும். பிழை சோதனையில் இல்லை. ஒரு பக்கத்துக்கு மட்டும் சோதனை வைத்ததில்தான் பிழை. 2007 சுற்றறிக்கை புதிதாகச் சேரும் அரச ஊழியர் எல்லாருக்கும் இரண்டாம் அரசகரும மொழியைக் கட்டாயமாக்கியது. நடைமுறை எப்படியோ, விதி இருபக்கமும்தான்.

மற்றது, "இது மிடில் கிளாஸ் பிரச்சினை." இதில் உண்மை உண்டு. மலையகத் தமிழரின் வாக்குரிமை பறிபோன வழக்கிலும் இதே 29ஆம் பிரிவைத்தான் பிடித்துப் பார்த்தார்கள். 1953இல் பிரிவி கவுன்சில் கைவிரித்தது. அன்று கொழும்பில் எத்தனை கந்தோர்கள் கலங்கின? தோட்டத்துக்காரனுக்கு உதவாத பிரிவு எட்டு, ஒன்பது வருடத்தில் கிளாக்கருக்குத் தேவைப்பட்டது. வரலாறு தந்த பாடம் அது.

அரசு ஒருவரை அடிக்காமலே "நீ எங்கட கணக்கில் இல்லை" என்று சொல்லலாம். அதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். உங்கட வீட்டு அலுமாரியில் தாத்தாவின் பழைய கந்தோர்க் கடிதங்கள் கிடந்தால் எறியாதீங்கோ. ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. கலவரங்களுக்கு முதலே நடந்தது என்ன என்று அந்தக் கடிதங்கள் சொல்லும்.