எக்ஸ்ரே படிப்பு: பட்டம் மட்டும் போதுமா?

பிளஸ் 2 முடிவுகள் வந்ததும் நம் குடும்பங்களில் எழும் கேள்வி, "டாக்டர் சீட் கிடைக்கவில்லை, அடுத்து என்ன?" என்பதுதான். அந்தத் தேடலில் பலர் ரேடியோகிராபி பட்டப்படிப்பில் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்டத்திலேயே காட்டாங்குளத்தூரிலும் கேளம்பாக்கத்திலும் இணை மருத்துவப் படிப்புகள் உள்ள பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஆனால் சேர்க்கும்போது நாம் விசாரிப்பது கட்டணத்தையும் வளைகுடா வேலையையும்தான். பிள்ளை அங்கே என்ன தொழில் கற்கும் என்று கேட்பதில்லை.

படிக்கும் மாணவர்களின் பார்வை வேறு. இயற்பியலும் உடற்கூறும் வகுப்பறையில் புரிந்துவிடும். தொழில் கைக்கு வருவது நோயாளியின் முன்னால்தான் என்கிறார்கள். அது உண்மையும்கூட. ஜி.எஸ்.டி. சாலையிலோ, மாமல்லபுரம் வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ விபத்தில் சிக்கி வருபவரைப் புத்தகப் படத்தில் உள்ளதுபோல் திருப்பிப் படுக்க வைக்க முடியாது. கழுத்தை அசைக்காமல் படம் எடுக்க வேண்டும். படம் சரியாக விழாவிட்டால் மீண்டும் எடுக்க வேண்டும். அவர் உடலில் கதிர்வீச்சும் மீண்டும் படும்.

பேச்சும் இதில் ஒரு திறன். எம்.ஆர்.ஐ. அறையில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் வலுவான காந்தம் உண்டு. பர்தாவில் குத்திய ஊசியையும் நகைகளையும் கழற்ற வேண்டும், இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இதைக் கண்ணியமாகச் சொல்லத் தெரிந்த பெண் ஊழியர் இருந்தால் நம் பெண்கள் கூச்சமின்றிப் பரிசோதனைக்கு வருவார்கள். மார்பகப் பரிசோதனையான மேமோகிராபிக்கு இது இன்னும் பொருந்தும்.

ஆனால் மகளை இத்துறைக்கு அனுப்பப் பெற்றோர் அஞ்சுகிறார்கள். "எக்ஸ்ரே வேலை பார்த்தால் குழந்தை பிறக்காதாம்" என்ற பேச்சே காரணம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியருக்கும் எக்ஸ்ரே ஊழியருக்கும் பொருந்துவது ஒரே வரம்புதான்: ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஊழியர் அணியும் டி.எல்.டி. பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கப்படுகிறது. கர்ப்பம் உறுதியானதும் நிர்வாகத்திடம் தெரிவித்தால், கருவுக்கெனத் தனியாக மிகக் குறைந்த வரம்பு உண்டு. விதிகளை மதிக்கும் இடத்தில் இந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை. மதிக்காத இடத்தை அடையாளம் காணவும் படிப்புதான் கற்றுத்தர வேண்டும்.

இணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-ல் வந்தது. கல்வித் தரத்தையும் தொழில் பதிவையும் ஒழுங்குபடுத்தும் அச்சட்டத்தில் ரேடியாலஜி தொழில்நுட்பமும் அடங்கும். வளைகுடா நாடுகளும் உரிமத் தேர்வும் அனுபவச் சான்றும் கேட்கின்றன. காகிதப் பட்டம் அங்கே செல்லாது.

எனவே கல்லூரியில் சேர்க்கும் முன் நான்கு கேள்விகள் கேட்போம். கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா? தினமும் எத்தனை நோயாளிகள் வருகிறார்கள்? சி.டி., எம்.ஆர்.ஐ. கருவிகளில் மாணவர் கைவைத்துப் பழகுகிறாரா, ஓரமாக நின்று பார்க்கிறாரா? பயிற்சி மாணவருக்கும் டி.எல்.டி. பேட்ஜ் தருகிறார்களா? கூடவே அங்கு இறுதியாண்டு படிக்கும் மாணவர் ஒருவரிடமும் பேசிவிடுங்கள். விளம்பரப் பலகை சொல்லாததை அவர் சொல்வார்.

தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி, அரசுக் கல்லூரி இடங்களுக்கு முதலில் விண்ணப்பிப்போம். நோயாளிகள் கூட்டம் அதிகமுள்ள அரசு மருத்துவமனையில் கற்கும் கைத்திறன், பல லட்சம் கட்டணம் செலுத்தினாலும் எளிதில் கிடைக்காது.