கண்ணபிரான் யாருக்கு வக்கீல்?



2010 டிசம்பர் 30ஆம் தேதி வக்கீல் கே. ஜி. கண்ணபிரான் ஐதராபாத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 81. ஒவ்வொரு டிசம்பரிலும் நம் சங்க அறையில் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். "மதுரையில் பிறந்த தமிழர், இந்த ஊரில் எவ்வளவு பெரிய பெயர் எடுத்தார்!" என்று பெருமை பேசுகிறோம். டீ குடித்துவிட்டுக் கலைந்து போகிறோம். இந்த முறை அப்படிக் கலைந்து போக மனம் வரவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அவரோடு நெருங்கிப் பழகியவன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை. பத்தாவது முடித்துவிட்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன் நான். ஆனால் "கண்ணபிரான் காரு" என்று சொல்லும்போதே குரல் தழுதழுக்கும் தெலுங்குத் தோழர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய மனிதரைப் பற்றிப் பேசுகிற குரல் அல்ல அது. வீட்டில் ஒருவரை இழந்தவர்களின் குரல். அந்த அன்பை அவர் எப்படிச் சம்பாதித்தார்?

மதுரையில் பிறந்து, நெல்லூரில் வளர்ந்து, சென்னையில் படித்து, பிழைப்புக்காக இந்த நகரத்துக்கு வந்தவர் அவர். நம்மைப் போலத்தான். வந்த இடத்தில் வசதியானவர்களின் வழக்குகளை மட்டும் நடத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ, ஊரே பார்க்கப் பயந்தவர்களுக்காகக் கோர்ட் படி ஏறினார். கவிஞர்கள் மீதும் எழுத்தாளர்கள் மீதும் 1974இல் போடப்பட்ட செகந்திராபாத் சதி வழக்கு 1989இல்தான் முடிந்தது. அனைவரும் விடுதலை என்று தீர்ப்பு வந்தபோது, குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான கவிஞர் செரபண்டராஜு இறந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அந்த வழக்கில் அவர்கள் பக்கம் வாதாடியவர் கண்ணபிரான்.

நெருக்கடி நிலையின்போது, 1975 ஜூலையில், மேடக் மாவட்டம் கிராய்ப்பள்ளிக் காட்டில் நான்கு இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். "மோதல்" என்றது போலீஸ். 1977இல் நீதிபதி தார்க்குண்டே தலைமையில் அமைந்த குழு அந்தக் கதையைத் துருவி ஆராய்ந்து, அது பச்சைக் கொலை என்றது. அந்தக் குழுவில் கண்ணபிரான் உழைத்தார். பிறகு ஆந்திர மாநில சிவில் உரிமைக் கழகத்துக்கும், பி.யு.சி.எல். அமைப்புக்கும் தலைவராக இருந்தார். 1985இல் கழகத்தின் தோழர், குழந்தை மருத்துவர் ராமநாதம் வாரங்கலில் தம் மருத்துவமனையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கண்ணபிரான் கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிடவில்லை.

நக்சலைட்டுகள் செய்ததையெல்லாம் சரி என்று சொன்னவரா அவர்? இல்லை. எஸ். ஆர். சங்கரன் தலைமையில் 1997இல் அமைந்த அக்கறையுள்ள குடிமக்கள் குழுவில் அவரும் இருந்தார். அந்தக் குழு சர்க்காரையும் கேள்வி கேட்டது. துப்பாக்கி ஏந்தியவர்களையும் கேள்வி கேட்டது. கண்ணபிரானின் வாதம் எளிமையானது. ஒருவன் தப்பு செய்தானா இல்லையா என்பதைக் கோர்ட் சொல்லட்டும். லாக்கப்பும் துப்பாக்கியும் சொல்லக் கூடாது.

"நக்சல் விவகாரம், நமக்கென்ன?" என்று நம்மவர்கள் அப்போது ஒதுங்கி நின்றார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி நடந்ததை மறந்துவிட்டோமா? சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது போலீஸ். அத்தனை பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். மரம் வெட்டியது குற்றம் என்றாலும் அதற்குத் தண்டனை மரணமா? கிராய்ப்பள்ளியில் பேசப்பட்ட அதே "மோதல்" கதை, நாற்பது ஆண்டு கழித்து நம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. அன்று வாதாட அவர் உயிரோடு இல்லை.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். சென்ற மழைக்காலத்தில், பக்கத்துச் சந்தில் கட்டட வேலை செய்யும் ஒரிசாப் பையன் ஒருவனைத் திருட்டுச் சந்தேகத்தில் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். இரவு பத்து மணிக்கு அவன் அக்காள் நம் சங்கக் கதவைத் தட்டினாள். கமிட்டியில் அரை மணி நேரம் விவாதித்தோம். "நம்ம ஆள் இல்லையே", "மொழி தெரியாத பிள்ளை, உண்மையிலேயே எடுத்திருந்தால்?" என்றெல்லாம் பேசினோம். நானும் பேசினேன். காலையில் பார்க்கலாம் என்று அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டோம். காலையில் ஒரு வக்கீலோடு போய் அவனை மீட்டோம். கேஸே இல்லை. ஆனால் அவனால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. அந்த அடி விழுந்தது நாங்கள் தூங்கிய இரவில். மாலை போடும்போது என் கை நடுங்கியது அதனால்தான்.

அரசியல் சட்டத்தின் 21, 22ஆம் பிரிவுகள் தமிழன் என்றோ ஒரியாக்காரன் என்றோ சொல்லவில்லை. "எந்த நபரும்" என்றே சொல்கின்றன. கைதானவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும். வக்கீலைப் பார்க்க விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும் என்று டி. கே. பாசு வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. தமது தெலுங்குத் தன்வரலாற்றுக்குக் கண்ணபிரான் வைத்த பெயரே "24 மணி நேரம்"தான். காசில்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். இதை எழுதி ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒட்டுங்கள்.

அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டு வருகிறேன். இரவு எந்நேரமானாலும், எந்த மொழிக்காரருக்கு ஆனாலும், கைது என்று தகவல் வந்தால் சங்கத்திலிருந்து இரண்டு பேர் உடனே ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

கண்ணபிரான் நம்மவர்தான். தமிழர் என்பதால் மட்டும் அல்ல. நம்மவர், அடுத்தவர் என்று பாராமல் கோர்ட் படி ஏறியதால். அவருக்கு நம் அஞ்சலி மாலையோடு முடிய வேண்டாம்.