பேசா மடந்தையான தொலைபேசி

வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளை வாங்கித் தந்த பொருளொன்று பழுதுபட்டால், அதனைத் திருத்துவதா மாற்றுவதா என்னும் வினா வெறுங் கணக்கு வினாவாக நின்றுவிடுவதில்லை. கிண்ணியாவுக்கு அண்மையிலுள்ள குறிஞ்சாக்கேணியில், நாம் அறிந்த ஓர் இல்லத்தில் இவ்வினா எழுந்தது. கட்டாரில் வேலைபார்க்கும் மகன் சில ஆண்டுகளுக்கு முன்னர் கொணர்ந்த கோட்லெஸ் தொலைபேசி அது. இரண்டு கைக்கருவிகளும், ஆளில்லாத வேளையில் வரும் செய்தியைப் பதிந்துவைக்கும் வசதியுங் கொண்ட விலையுயர்ந்த வகை. இப்பொழுது நான்கு வார்த்தை பேசுவதற்குள் கீச்சென்று ஒலியெழுப்பி அடங்கிவிடுகின்றது. “எறிஞ்சிடுங்க உம்மா, வேற ஒண்டு அனுப்புறன்” என்கிறார் மகன். “புதுசு வேணாம் மகன், இதையே திருத்திப் பாப்பம்” என்கிறார் தாயார்.

கைத்தொலைபேசி எல்லார் கையிலும் இருக்கும் இக்காலத்தில் வீட்டுத் தொலைபேசி எதற்கு என்று இளையோர் கேட்கலாம். அதனை முதியோரின் விரல்களிடமும் செவிகளிடமும் அன்றோ கேட்க வேண்டும்! பெரிய பொத்தான்கள், உரத்த மணியொலி, எப்போதும் ஒரே இடத்திற் கிடைக்கும் உறுதி, உறவினர் அனைவரும் மனனஞ் செய்த எண் ஆகிய இவை கண்ணாடித் திரையைத் தடவிப் பேசுங் கருவியில் எளிதிற் கிடைப்பதில்லை. நள்ளிரவில் மூச்சுத் திணறும் முதியவருக்கு எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறதென்று விரலே அறிந்திருத்தல் ஒரு பாதுகாப்பு. ஆகவே தாயாரின் பிடிவாதத்தை முதுமையின் பழமைப்பற்று என்று நாம் தள்ளிவிடவில்லை.

முதலில் நோயாளி யார் என்று அறிதல் வேண்டும். அயல்வீட்டிலிருந்து கம்பியுடன் கூடிய சாதாரணத் தொலைபேசி ஒன்றை இரவல் வாங்கி, சுவரிலுள்ள இணைப்பிற் செருகிப் பாருங்கள். அதிலும் இரைச்சல் கேட்டால் குற்றம் கருவியினுடையதன்று, இணைப்பினுடையது. மழைநீர் புகுந்த கம்பி மூட்டுக்காகப் புதுத் தொலைபேசி வாங்கி, அதிலும் அதே இரைச்சலைக் கேட்டு ஏமாந்தோர் பலர். சாதாரணக் கருவியில் ஒலி தெளிவாயிருந்தால் மட்டுமே நமது கருவியின் மீது ஐயங் கொள்ளலாம்.

அப்போதும் முதலிற் பார்க்க வேண்டியது பற்றரி. பெரும்பாலான கைக்கருவிகளில் இருப்பவை, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க நிக்கல் உலோக ஐதரைட்டுக் கலங்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 1.2 வோல்ற்று. நாள்தோறும் பீடத்திற் கிடந்து மின்னேறும் இக்கலங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளிற் களைத்துவிடுவது இயல்பு. இரவு முழுவதும் ஏற்றியும் சில நிமிடங்களிற் கீச்சிட்டு அணைந்தால், தொலைபேசி சாகவில்லை, அதன் உணவுதான் தீர்ந்தது என்று கொள்க. இங்கே ஓர் எச்சரிக்கை. கடையில் அதே பருமனில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண 1.5 வோல்ற்றுப் பற்றரிகளை இட்டுப் பீடத்தில் வைக்கலாகாது. அவை மின்னேற்றத்துக்குரியவை அல்ல. கசிந்து கருவியைக் கெடுக்கும், சிலவேளை வெடிக்கவுங் கூடும். பழைய கலத்தில் எழுதப்பட்டிருக்கும் வகையையும் அளவையும் ஒரு தாளிற் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்வதே முறை.

அடுத்தது கடற்காற்று. கொட்டியாரக் குடாவின் உப்பு, வீட்டுக் கதவின் பிணைச்சலை மாத்திரம் அரிப்பதில்லை. கைக்கருவி பீடத்தில் அமரும் இடத்திலுள்ள சிறு உலோக முனைகளிற் பச்சையோ கருமையோ படிந்தால், நல்ல பற்றரிக்கும் மின்னேறாது. பீடத்தின் மின் இணைப்பைக் கழற்றி, ஸ்பிரிற் தொட்ட பஞ்சினால் மெதுவாகத் துடைத்தாற் போதும். ஐந்து நிமிட வேலை. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மாதம் ஒருமுறை துடைத்துவிடுவது நன்று. இதற்கு எந்தத் திருத்துநரும் வேண்டியதில்லை.

மூன்றாவது, சுவரிற் செருகும் அடப்டர். இதிற் புலம்பெயர்ந்த உறவினரின் அன்பும் சிலவேளை விபரீதம் விளைக்கும். கனடாவில் வாழ்வோர் தாய்நாட்டுக்கு வரும்போது உயர்ரகக் கோட்லெஸ் ஒன்றைப் பரிசாகக் கொணர்வதுண்டு. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, இங்கே 230. அந்நாட்டு மின்சாரத்துக்கென்றே செய்த அடப்டரை நமது சுவரிற் செருகினால் மறுகணமே கருகிவிடும். பலர் தொலைபேசியே போயிற்றென்று கைவிட்டுவிடுகின்றனர். பெரும்பாலும் போனது அடப்டர் மட்டுமே. பழையதில் எழுதியுள்ள வெளியீட்டு வோல்ற்றும் முனைவும் ஒத்து, அம்பியர் அளவு குறையாததாக ஒன்றை வாங்கினாற் கருவி பிழைத்தெழும். (சில பழைய வகைகள் நேரோட்டத்துக்குப் பதிலாக ஆடலோட்டம் வேண்டுவன, அதனையும் பார்த்துக்கொள்க.) ஆயினும், வட அமெரிக்கக் கோட்லெஸ் கருவிகள் 1920 முதல் 1930 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைவரிசையிற் பேசுபவை, ஐரோப்பிய முறைக்கு உரியது 1880 முதல் 1900 வரை. முன்னதை உலகின் பெரும்பகுதி கைத்தொலைபேசிச் சேவைக்கு ஒதுக்கியிருப்பதால், இடையூறு விளைக்கும் அப்பரிசை இங்கே திருத்திப் பயன்படுத்துமாறு நாம் சொல்ல மாட்டோம்.

இடி மின்னலின் கதை வேறு. கம்பி வழியே பாய்ந்த மின்னல் அடிப்பீடத்தின் உள்ளே புகுந்து கருக்கிவிட்டால், உதிரிப் பாகந் தேடி அலைவது வீண். மூடியைத் திறந்ததும் கருகிய வாடையே தீர்ப்பைச் சொல்லிவிடும். வானம் உறுமத் தொடங்கியதும் மின் செருகியை மட்டுமன்றித் தொலைபேசிக் கம்பியையுங் கழற்றிவிட வேண்டும். பலர் முதலாவதைச் செய்து இரண்டாவதை மறப்பர்.

பழுதைக் கண்டறிந்த பின்னரே விலைக் கணக்கு வரும். திருத்தக் கூலி புதிய விலையின் பாதியைத் தாண்டினாற் புதியதே வாங்குக என்றொரு வாய்ப்பாடு வழங்குகின்றது. நமக்கு அதில் முழு உடன்பாடில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த நாணய மாற்று, மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியதை நாம் மறக்கவில்லை. இறக்குமதிப் பொருளின் விலை அவ்வாறு தாவும் நாட்டில், ‘பாதி விலை’ என்பது பழைய கருவியின் பெறுமதியைக் காட்டும் அளவுகோலன்று. திருத்தியபின் எத்தனை ஆண்டு உழைக்கும், பாகம் மீண்டுங் கிடைக்குமா என்பவையே கேட்கத்தக்கவை.

பின்னைய வினாவில் விலையுயர்ந்த கருவியே சிலவேளை தோற்றுவிடுகின்றது. மலிவான கருவியின் பற்றரி மூலைக்கடையிலுங் கிடைக்கும்; மெல்லிய அழகுக் கருவிக்கோ தனக்கென்றே செய்த இலிதியப் பற்றரி வேண்டும். பெரும் பெயரும் பாகத்துக்கு உத்தரவாதமன்று. ஜெர்மனியில் கோட்லெஸ் தொலைபேசிக்குப் புகழ்பெற்ற கிகாசெற் நிறுவனமே 2023இல் வங்குரோத்து நடவடிக்கைக்கு உட்பட்டு, 2024இல் விரெக் என்னும் ஹொங்கொங் நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. ஐரோப்பிய ஒன்றியம், 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளிற் கைத்தொலைபேசிகளோடு கோட்லெஸ் தொலைபேசிகளையுஞ் சேர்த்து, உதிரிப் பாகங்களைக் கிடைக்கச் செய்யுமாறு உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தியுள்ளது. அவ்விதி நமது கடைத்தெருவை ஆளாதெனினும், வாங்கும்போது “இதற்குப் பற்றரி தனியே கிடைக்குமா?” என்று கேட்க நமக்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

திருத்துவதற்கும் மாற்றுவதற்கும் இடையில் ஒரு நடுவழியும் உண்டு. கைக்கருவி மட்டும் உடைந்து பீடம் நலமாயிருந்தால், கைக்கருவியை மட்டும் வாங்கிப் பழைய பீடத்தோடு பதிவு செய்யலாம். ஒரே பொது முறையைப் பின்பற்றும் வேற்றுத் தயாரிப்புக்களும் பேசுவது, கேட்பது ஆகிய அடிப்படைப் பணிகளைச் செய்யும். சிறப்பு வசதிகள் சில மட்டும் விடுபடும்.

குறிஞ்சாக்கேணித் தாயார் ஏன் மறுத்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம். வீட்டில் எவரும் எடுக்காதபோது, “செய்தியைச் சொல்லுங்கள்” என்று அழைப்பவரை வேண்டும் குரல், காலஞ்சென்ற கணவருடையது. அக்குரல் அடிப்பீடத்தின் நினைவகத்தில் இருக்கின்றது. பற்றரியை மாற்றினால் அதற்கு ஒன்றும் நேராது. பீடத்தை மாற்றினால் அதுவும் போய்விடும். மகன் வளைகுடாவில் இருந்துகொண்டு இதனை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். தாயாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இத்தகைய பதிவு உள்ளோர், கருவி உயிரோடிருக்கும்போதே அதனை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டு, கைத்தொலைபேசியிற் பதிந்து, பிள்ளைகள் இருவர் மூவருக்கு அனுப்பிவைத்தல் வேண்டும். அதன் பின்னரே திருத்துநரின் திருப்புளி உள்ளே புகலாம்.

பழையதை அகற்றிவிட்டுப் புதியது வரும்வரை ஏதோவொரு தற்காலிக ஏற்பாட்டை நம்பியிருப்பதன் விலையை இவ்வூர் அறியும். பழைய பாலம் அகற்றப்பட்டுப் புதிய பாலம் எழாதிருந்த காலத்தில், 2021 நவம்பர் 23ஆம் நாள், குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிச் சிறார்கள் உட்படப் பலர் மாண்டனர். அப்பெருந் துயருக்குப் பக்கத்தில் ஒரு தொலைபேசியை வைத்துப் பேசுவது நமது நோக்கமன்று. ஆயினும் முதியவர் தனித்திருக்கும் வீட்டில், பழைய கருவி கடையிற் கிடக்கும் வாரத்துக்கு மாற்று ஏற்பாடு இல்லாதிருத்தல் ஆகாது. கம்பியுடன் கூடிய எளிய தொலைபேசி ஒன்றை வீட்டில் எப்போதும் வைத்திருங்கள். கோட்லெஸின் பீடம் மின்சாரமின்றி இயங்காது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியபோது, செம்புக் கம்பி இணைப்பிற் செருகிய எளிய கருவி, பரிமாற்று நிலையத்திலிருந்தே மின்னைப் பெறுவதால், வீட்டில் விளக்கெரியாதபோதும் பேசவல்லதாயிருந்தது. கண்ணாடியிழை இணைப்புள்ள வீடுகளில் அந்தச் சலுகை இல்லை. அங்கே இணைப்புப் பெட்டிக்கே மின்சாரம் வேண்டும்.

களைத்துப்போன கலங்களைக் கிணற்றடியிலோ களப்போரத்திலோ எறியலாகாது. பழைய தொலைபேசிகளில் இருந்த நிக்கல் கட்மியக் கலங்களிலுள்ள கட்மியம் நஞ்சு. முனைகளில் ஒட்டுநாடா சுற்றி ஒரு போத்தலிற் சேர்த்துவைத்து, இலத்திரனியற் கழிவு ஏற்கும் இடத்தில் ஒப்படையுங்கள். புதிய கருவியே வாங்க நேர்ந்தாலும், எண்களும் குரல்களும் ஒன்றுவிடாமல் மாற்றப்பட்டனவா என்று பார்த்து முடிக்கும்வரை, பழைய அடிப்பீடம் அலுமாரியில் ஒரு மாதமேனும் இருக்கட்டும்.