பழைய போனுக்குப் புது பேட்டரி போதும்

"வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சா? இனிமே இழுக்கத்தான் செய்யும், மாத்திடுங்க." போன் கடையில் கேட்டாலும் பக்கத்து வீட்டில் கேட்டாலும் இதே பதில். பழைய போனின் தவணை முடிந்த கையோடு புதுத் தவணை தொடங்கிவிடுகிறது. இந்தப் பேச்சுக்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்த்தால், பெரும்பாலும் இல்லை.

போன் மந்தமானால் உள்ளே இருக்கும் சிப் தளர்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். 2017 டிசம்பரில் நடந்தது வேறு கதை. ரெடிட் தளத்தில் ஒருவர், தன் ஐபோன் 6எஸ்-க்கு பேட்டரியை மட்டும் மாற்றியதும் பழைய வேகம் திரும்பிவிட்டதாக எழுதினார். கீக்பெஞ்ச் என்ற வேகச் சோதனைச் செயலியை உருவாக்கிய ஜான் பூல், தன்னிடம் இருந்த அளவீடுகளைப் புரட்டிப் பார்த்தார். ஒரே மாடல் போன்கள், மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகு பல படிகளில் வேகம் இறங்கியிருந்தன. சில நாட்களில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது: தேய்ந்த பேட்டரியால் திடீரென அதிக மின்சாரம் தர முடியாது, போன் அணைந்துவிடும், அதைத் தடுக்க மென்பொருளே வேகத்தைக் குறைத்தது. அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணம் 79 டாலரிலிருந்து 29 டாலராக இறங்கியது. வாடிக்கையாளரிடம் சொல்லாமல் செய்ததற்காக பிரான்ஸ் 2020-ல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. இந்த உண்மை தெரியாமல் எத்தனை பேர் நல்ல போனைத் தூக்கிப் போட்டிருப்பார்கள்!

எல்லா மந்தத்துக்கும் பேட்டரிதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. நினைவகம் நிரம்பி வழிந்தாலும் போன் திணறும். வாட்ஸ்அப் குழுக்களில் வந்து குவிந்த வீடியோக்களை அழித்தாலே பல போன்கள் மூச்சு விடும்.

"பேட்டரி எப்படியும் ரெண்டு வருஷம்தானே?" என்பது அடுத்த வாதம். அந்த ஆயுள் நாள்கணக்கில் மட்டும் இல்லை, சுழற்சிக் கணக்கிலும் இருக்கிறது. இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சுழற்சி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி, 800 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தாங்க வேண்டும் என்பது விதி. முழுக்க இறக்கிவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்ற அறிவுரை நிக்கல்-காட்மியம் காலத்தது. லித்தியம்-அயான் பேட்டரிக்கு அது கெடுதல். அதைவிடப் பெரிய எதிரி சூடு. மே மாத வெயிலில் கார் முகப்பில் போனை மாட்டி, மேப் ஓட, சார்ஜும் ஏற்றுவதுதான் பேட்டரிக்குச் செய்யும் பெரிய கொடுமை. 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இப்போது பல போன்களில் உண்டு, அதைப் போட்டுவைக்கலாம்.

அப்டேட் நின்றுவிடும் என்பதில் மட்டும் நியாயம் இருக்கிறது. மலிவு விலைப் போன்கள் பலவற்றுக்குச் சில ஆண்டுகளில் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோகிறது. அதற்குப் பிறகு அதில் வங்கிச் செயலியை வைத்திருப்பது ஆபத்து. ஆனால் எல்லாப் போனுக்கும் அது விதியல்ல. 2015-ல் வந்த ஃபேர்ஃபோன் 2-க்கு, அந்தச் சிறிய டச்சு நிறுவனம் 2023 வரை ஆதரவு தந்தது. பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 இரண்டுக்கும் ஏழு ஆண்டு அப்டேட் என்று அறிவித்திருக்கிறார்கள். வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பவர்கள், அப்டேட் எத்தனை வருஷம் என்றும் கேட்க வேண்டும்.

ஸ்மார்ட்வாட்ச் விஷயத்தில் பேட்டரி சின்னது, தினமும் சார்ஜ் கேட்கும்; அதனால் சீக்கிரம் தேய்வது நிஜம். அங்கும் வழி இருக்கிறது. 2018-ல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 4-க்கு, 2022-ல் வந்த மென்பொருள் மின்சேமிப்பு முறையைக் கொண்டுவந்தது. எப்போதும் ஒளிரும் திரை உள்ள கடிகாரங்களில் அதை அணைத்துவைத்தாலே மாலைக்குள் தீர்ந்துபோன சார்ஜ் இரவு வரை தாங்கும்.

புதுப் போனுக்குப் பணம் எண்ணுவதற்கு முன், ஐபோன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று பார்க்கலாம். 80-க்குக் கீழே இருந்தால் முதலில் மாற்ற வேண்டியது பேட்டரி. பின்பக்கம் உப்பித் தெரிந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. சார்ஜ் போடாமல் அன்றே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும்.