கண்மாய்க்கு யார் பேசுவது?

"தமிழ்நாட்டு விவசாயம் என்றால் காவேரிதானே!" என்று சென்ற மாதம் ஒரு கூட்டத்தில் ஒரு பிரமுகர் சொன்னார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டியிருப்பேன், ராமநாதபுரம் சீமையில் பிறந்துவிட்டேனே, கழுத்து அசையவில்லை.

மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படுமா என்று ஆண்டுதோறும் பத்திரிகைகள் கவலைப்படுகின்றன. நியாயமான கவலை. தஞ்சைக்காரர் வயிறு காய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த ராஜ்யத்தில் ஏறக்குறைய 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றின் மடை திறந்ததாக எந்தப் பத்திரிகையாவது கொட்டை எழுத்தில் போட்டதுண்டா? எழுத்தாளர்களாகிய நாங்களும் யோக்கியர்கள் அல்ல. எங்கள் கதாநாயகி குளிப்பதென்றால் ஆற்றங்கரைக்குத்தான் போவாள். நானே மூன்று நாவல்களில் அனுப்பியிருக்கிறேன்.

பூகோளத்தைப் பாருங்கள். மேற்கே மலை, கிழக்கே ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் கடற்கரை, நடுவிலுள்ள நிலம் கடலை நோக்கிச் சரிகிறது. ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அதிலும் புயலோடு வரும் சில நாட்களில், கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பிடித்து வைக்காவிட்டால் வங்காள விரிகுடாவுக்குத்தான் லாபம். சரிவைக் கண்டு குறுக்கே கரை போட்டான் நம் பாட்டன். ஒரு கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாக அடுத்ததற்கு. அது நிரம்பினால் அதற்கும் அடுத்ததற்கு. வைகையையே எடுத்துக்கொள்ளுங்கள். நேராகக் கடலுக்குப் போகிற ஆறல்ல அது. ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் விழுகிறது. மிச்சம் இருந்தால்தான் கடலுக்கு. இதைவிடச் சிக்கனமான பொருளாதாரத்தை எந்தச் சர்வகலாசாலை சொல்லிக் கொடுக்கிறது?

1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாசன நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏரியை நம்பியிருந்தது. இன்று அந்தப் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பாசனத்தில் பெரும்பகுதியைக் கிணறுதான் சுமக்கிறது. கிணற்றுக்கு ஊற்று எங்கிருந்து வருகிறதாம்? ஏரி நிறைந்தால்தானே! பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம். கண்மாய்க்குள் சீமைக் கருவேல். நூறு ஏக்கருக்கு மேல் பாய்ந்தால் சர்க்கார் இலாகாவுக்கு, அதற்குக் குறைந்தால் பஞ்சாயத்து யூனியனுக்கு என்று கண்மாய்களைப் பங்கு போட்டார்கள். இரண்டும் ஒரே சங்கிலியில் இருக்கின்றன என்பது தண்ணீருக்குத் தெரியும், ஃபைலுக்குத் தெரியாது. 2017-ல் குடிமராமத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நல்லதுதான். கரையை உயர்த்தலாம், வரத்துக்காலின்மேல் நிற்கும் வீட்டு மனைகளை யார் கேட்பது?

சென்னைவாசிகள் சிரிக்க வேண்டாம். மாம்பலம் ஏரியைத் தூர்த்த இடத்தில்தான் 1920-களில் தியாகராய நகர் உண்டாயிற்று. தீபாவளிப் புடவை வாங்க நீங்கள் இறங்குவது ஏரிக்குள். 2015 டிசம்பரில் மொட்டை மாடியில் ஏறி நின்ற அதே நகரம், 2019 கோடையில் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றது. இதற்கும் காவேரியா காரணம்?

எங்கள் ஊரில் நீர்ப்பாய்ச்சி ஒருவர் இருந்தார். எந்த மடையை எவ்வளவு நேரம் திறப்பது என்பதில் அவர் சொல்வதுதான் சட்டம். அறுவடையில் களத்திலேயே அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள். அவர் பிள்ளை இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். போன மாசியில் ஊருக்குப் போனபோது பார்த்தேன், மடைக்கல்லில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள்.