கேமராவோடு விமானம் ஏறுகிறவருக்குக் காவல் இல்லை

துபாய் கம்யூனிகேஷன்ஸ் ஏஜென்சிக்கு வீடியோகிராபர் தேவை, எடிட்டிங்கும் தெரிந்திருக்க வேண்டும், தங்குமிடம் இலவசம், இப்போதைக்கு விசிட் விசாவில் வந்தால் போதும், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம். விஸ்காம் முடித்த பிள்ளைகளின் கைபேசிக்கு இத்தகைய அழைப்புகள் நாள் தவறாமல் வருகின்றன. கல்யாண வீடியோவில் கை பழகியவர்களும், தொலைக்காட்சியில் வேலை போனவர்களும், உதவி எடிட்டராக இருந்து சம்பளத்துக்குக் காத்துக் காத்துச் சலித்தவர்களும் பெட்டியைக் கட்டுகிறார்கள். தொழில் தெரிந்தவர் நல்ல ஊதியம் தேடிப் போவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘இப்போதைக்கு விசிட் விசா’ என்கிற இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது. நம் அரசுகளும் கல்லூரிகளும் அதைப் பார்த்தும் பாராமல் இருக்கின்றன.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைக் காக்க நம்மிடம் இருப்பது 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் ஒருவர் பத்தாம் வகுப்புத் தேறாதவர் என்றால், குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற்ற பிறகே விமானம் ஏற முடியும். அவருடைய வேலை ஒப்பந்தத்தை அதிகாரிகள் பார்ப்பார்கள். 10 லட்சம் ரூபாய்க்கான ‘பிரவாசி பாரதிய பீமா’ காப்பீடு அவருக்குக் கட்டாயம். இரண்டு ஆண்டுகளுக்கு அதன் பிரீமியம் 275 ரூபாய்தான். பத்தாம் வகுப்பில் தேறிவிட்டால் இந்தக் கட்டாயங்கள் எல்லாம் விலகிவிடும். படித்தவர் தன்னைத்தானே பார்த்துக்கொள்வார் என்று சட்டம் நம்புகிறது. ஆக, கொத்தனாருக்குக் கிடைக்கும் காவல் பட்டம் வாங்கிய ஒளிப்பதிவாளருக்குக் கிடையாது. அவர் விசிட் விசாவில் போய்விட்டால் வேலைக்குப் போனவர் என்ற பதிவுகூட இங்கே இருக்காது. அரசின் கணக்கில் அவர் சுற்றுலாப் பயணி.

இந்த ஓட்டையை அடைக்க ஒரு வாய்ப்பு வந்தது. அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் படித்தவர்களும் 2019 ஜனவரி 1 முதல் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் கட்டாயம் பதிய வேண்டும் என்று 2018 நவம்பரில் வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. பதியாதவர்கள் விமான நிலையத்திலேயே தடுத்து நிறுத்தப்படுவார்கள் என்றும் சொன்னது. வெளிநாடுவாழ் இந்தியர்களிடமிருந்து பலத்த எதிர்ப்பு கிளம்பவே, அதே மாத இறுதியில் உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. பல வருடங்களாக அங்கே வேலை பார்த்து, விடுப்பில் ஊருக்கு வந்து திரும்புகிறவரை ஒரு படிவத்துக்காக மறிப்பது அநியாயம். தடுத்து நிறுத்தும் தண்டனையை மட்டும் நீக்கிவிட்டுப் பதிவைத் தக்கவைத்திருக்கலாம். அதைச் செய்யாமல் விரும்பினால் பதியலாம் என்று விட்டுவிட்டார்கள். ஏஜென்ட் அவசரப்படுத்தும்போது எந்தப் பிள்ளை தானாகப் போய்ப் பதியும்?

நான்கே ஆண்டுகளில் அதன் விளைவைக் கண்டோம். தாய்லாந்தில் ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங்’ வேலை என்று அழைக்கப்பட்ட இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். 2022 செப்டம்பர் 24 அன்று வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது. சமூக ஊடக விளம்பரங்கள் வழியாகவும், இந்தியாவிலும் துபாயிலும் இருக்கும் ஏஜென்டுகள் வழியாகவும் ஆள் பிடிக்கிறார்கள் என்று அதில் தெளிவாகவே சொல்லியிருந்தது. அக்டோபர் தொடக்கத்தில் மியாவாடி பகுதியிலிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்கள். அதோடு முடியவில்லை. 2025 மார்ச்சில் அதே எல்லைப் பகுதியிலிருந்து 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அழைத்துவர வேண்டியிருந்தது. கணினி தெரிந்த, படித்த இளைஞர்களைத்தான் அந்தக் கும்பல்கள் குறிவைத்தன. இத்தகைய மோசடிக் கூடங்கள் இயங்கும் மியான்மர், கம்போடியா, லாவோஸ் ஆகிய மூன்றும் அந்த 18 நாடுகளின் பட்டியலிலேயே இல்லை.

மோசடிக் கும்பலை விடுவோம். நிஜமாகவே இயங்கும் ஓர் ஏஜென்சியில் வேலை எப்படி இருக்கும்? காலையில் ரியல் எஸ்டேட் நிறுவனத்துக்காக ஒரு வில்லாவைப் படம் பிடிக்க வேண்டும். மதியம் ஹோட்டல் ஒன்றில் அறிமுக விழா. கிம்பலைப் பிடித்து நடந்த கை வலிக்க வலிக்க, மெமரி கார்டுகளை இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் ஏற்றிவிட்டு டைம்லைன் முன்னால் உட்கார வேண்டும். ஒன்றரை நிமிட ஹைலைட்ஸ் அன்றிரவே போயாக வேண்டும். வாட்ஸப்பில் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும்: லோகோவைப் பெரிதாக்கு, மியூசிக்கை மாற்று, முதலாளி கண் மூடியிருக்கும் ஷாட்டைத் தூக்கு. அடுத்து ரீல்ஸுக்கு நெடுக்குவாட்டில் தனியாக ஒரு கட். பிறகு அரபியில் சப்டைட்டில். மென்பொருளில் எழுத்து அமைப்பை மாற்றாவிட்டால் அரபி எழுத்துகள் ஒட்டாமல் தனித்தனியாக விழும். மொழி தெரியாத பிள்ளைக்கு அது பிழை என்றே தெரியாது. காலையில் ஏச்சு மட்டும் விழும். நாலாவது வெர்ஷன் ரெண்டர் ஆகி முடியும்போது பொழுது விடிந்திருக்கும்.

ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிலாளர் சட்டம் இந்த உழைப்புக்கு விலை வைத்திருக்கிறது. 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேரமே வேலை. அதற்கு மேல் போனால் 25 விழுக்காடு கூடுதல் ஊதியம். இரவு 10 மணியிலிருந்து அதிகாலை 4 மணி வரையிலான கூடுதல் நேரத்துக்கு 50 விழுக்காடு. ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. பாஸ்போர்ட்டை நிறுவனம் பிடித்துவைக்கக் கூடாது. அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் நிறுவனத்துக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2024இல் கடுமையாக்கினார்கள். மனிதவள அமைச்சகத்தின் கீழ் வரும் நிறுவனங்கள் தரும் வேலை வாய்ப்புக் கடிதத்துக்குத் தமிழிலேயே அதிகாரப்பூர்வப் படிவம் உண்டு. இது நம்மவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் இந்த உரிமைகளைக் கோரிப் பெற வேலை அனுமதியும் ஒப்பந்தமும் கையில் வேண்டும். ‘ட்ரையல் பார்க்கிறோம்’ என்று விசிட் விசாவில் இரண்டு மாதம் வேலை வாங்கிவிட்டுச் சம்பளம் தராமல் அனுப்பினால், புகார் கொடுக்கவே அந்தப் பிள்ளைக்குப் பயம். அனுமதியின்றி வேலை பார்த்தவர் என்ற குற்றம் அவர் மேலும் விழுமே.

இன்னொரு தந்திரமும் நடக்கிறது. ஏஜென்சி வேலை விசா எடுக்காது; நீயே ஃப்ரீலான்ஸ் பெர்மிட் வாங்கிக்கொள் என்று சொல்லும். துபாயில் அந்த பெர்மிட்டுக்கு மட்டுமே ஏறத்தாழ 7,500 திர்ஹம் ஆகும். விசா செலவு தனி. பெர்மிட் வாங்கியவர் தினமும் அதே அலுவலகத்தில், அதே மேலாளருக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தாலும் சட்டத்தின் பார்வையில் தனித்தொழில் செய்கிறவர். ஓராண்டு முடித்த ஊழியருக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்று கிடைக்கிற கிராஜுவிட்டி அவருக்கு வராது. முறையான விசா தரும் இடத்திலும் கவனம் வேண்டும். மீடியா நிறுவனங்கள் பலவும் ஃப்ரீ ஸோன்களில் இருப்பதால், புகாரை முதலில் அந்தந்த ஃப்ரீ ஸோன் நிர்வாகத்திடம் கொண்டுபோக வேண்டும். இது தெரியாமல் அமைச்சக வாசலில் போய் நின்று திரும்புகிறவர்கள் உண்டு.

எல்லாவற்றையும்விட எங்களைக் கலங்கவைப்பது குற்றவியல் சட்டம். அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு சைபர் குற்றச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, ஒருவரின் அந்தரங்கத்தில் தலையிடும் வகையில் அனுமதியின்றிப் படம் எடுப்பவருக்குக் குறைந்தது ஆறு மாதச் சிறை, அல்லது 1.5 லட்சம் முதல் 5 லட்சம் திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கிறது. அவமதிக்கும் நோக்கில் ஒருவரின் படத்தை மாற்றியமைத்தால் தண்டனை இன்னும் கூடும். எடிட்டரின் மேசை வரை அது நீளும். ட்ரோனுக்கும் முன் அனுமதி வேண்டும். அபுதாபியில் நடந்த ட்ரோன் தாக்குதலுக்குப் பிறகு 2022 ஜனவரியில் தனியார் ட்ரோன்களுக்கு அமீரகத்தில் தடையே விதித்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் படிப்படியாகத் தளர்த்தினார்கள். சென்னை மெரினாவில் தன்பாட்டுக்கு ட்ரோன் பறக்கவிட்டுப் பழகிய பையனுக்கு இதை யார் சொல்லியனுப்பினார்கள்? ‘போய் ஷாட் எடுத்துட்டு வா’ என்று சொன்ன மேலாளர் அலுவலகத்தில் இருப்பார். கேமரா இருப்பது பையன் கையில். பிடிபடுகிறவரும் அவர்தான்.

மத்திய அரசு செய்ய வேண்டியது தெளிவாக இருக்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறும் ஏஜென்டுக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறையும் 2,000 ரூபாய் அபராதமும்தான் தண்டனை. ஒரு பையனிடம் லட்சக்கணக்கில் கறக்கிறவர் அந்தத் தொகைக்கு அஞ்சுவாரா? பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் என்பதையாவது ஊரெங்கும் விளம்பரப்படுத்த வேண்டும். புதிய சட்டத்துக்கு 2021இல் ஒரு வரைவு வந்தது, 2025இல் இன்னொன்று வந்தது. எந்த வரைவு சட்டமானாலும், பத்தாம் வகுப்பு என்ற கோட்டை அழித்துவிட்டு, வேலைக்குப் போகும் அனைவருக்கும் தடுத்து நிறுத்தாத எளிய பதிவையும் அதே காப்பீட்டையும் அது தர வேண்டும்.

தமிழக அரசிடம் 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. செவிலியர்களையும் ஓட்டுநர்களையும் நேர்மையாக அனுப்பத் தெரிந்த அந்த நிறுவனம் ஒளிப்பதிவாளர்களையும் எடிட்டர்களையும் தன் பட்டியலில் சேர்க்க வேண்டும். விஸ்காம் துறைகள் கடைசிப் பருவத்தில் ஒப்பந்தம் படிக்கவும், விசா வகைகளைப் பிரித்தறியவும் கற்றுக்கொடுக்க வேண்டும். கலர் கரெக்‌ஷனுக்கு மாதக்கணக்கில் வகுப்பு எடுக்கிறவர்களுக்கு இதற்கு ஒரு வாரம் ஒதுக்குவது பாரமில்லை.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் வேண்டுகோள் இது: விசிட் விசாவில் வந்து வேலையில் சேரச் சொல்லும் எந்த ஏஜென்சியையும் நம்பிப் போகாதீர்கள். வேலை அனுமதியும், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று எழுதிய ஒப்பந்தமும் கைக்கு வந்த பிறகே டிக்கெட் போடுங்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும் இ-மைக்ரேட்டில் பதியுங்கள். ஏற்கெனவே அமீரகத்தில் சிக்கித் தவிக்கிறவர்கள் இந்தியத் தூதரகத்தின் ‘பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா’வை 800 46342 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம்.